பீப்பாயின் அடிமண்டி யார் தலையில்?

சென்ற மாதம் ரொறொன்ரோவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ஒரே மேசையின் இரு பக்கங்களிலும் இருந்து அச்சுப்படி திருத்தியவர்கள் நாங்கள். ஊர்ப் புதினங்கள் யாவும் பேசி முடித்த பின்னர், "ஐசே, உம்மடை சுன்னாகத்து ஓயில் கதை முடிஞ்சுபோச்சுத்தானே? வழக்கும் வெண்டாச்சு, கொம்பனியும் பூட்டியாச்சு. இன்னும் என்னத்தைக் கிண்டுறீர்?" என்று கேட்டார்.

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. வழக்கு முடிந்தது உண்மை. கதை முடிந்தது என்பது பொய். அந்தக் கதையின் முதல் அத்தியாயத்தை எங்களில் எவரும், நான் உட்பட, எழுதவேயில்லை. அதை இப்போதாவது எழுதிவிடவேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

தெரியாதவர்களுக்காக முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ். குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் உள்ள சுன்னாகத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்தே மின் நிலையம் ஒன்று இருந்து வந்தது. போர்க்காலத்தில் அதன் எண்ணெய்த் தாங்கி தாக்கப்பட்டு, எண்ணெய் மண்ணில் ஓடியது ஊரறிந்த கதை. பின்னர் 2009ஆம் ஆண்டளவில் அதே வளாகத்தில், ஏறத்தாழ 30 மெகாவாட் வலுவுள்ள தனியார் மின் நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. அதை நடத்தியது நொதேர்ண் பவர் என்ற நிறுவனம். அது எரித்தது பெற்றோலும் அல்ல, டீசலும் அல்ல. உலை எண்ணெய் எனப்படும் பாரமான எண்ணெய். 2013இல் இலங்கை மின்சார சபையின் உத்துரு ஜனனி நிலையமும் அங்கே வந்து சேர்ந்தது. அதுவும் பாரமான எண்ணெயில் ஓடுவதே.

பிறகு கிணறுகளில் எண்ணெய் மிதக்கத் தொடங்கியது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பருக்கும் 2014 ஆகஸ்ட்டுக்கும் இடையில் அயலிலுள்ள 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றுள் 109 கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் அனுமதிக்கப்பட்ட அளவை விஞ்சியிருந்தன. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ ஆபத்தான ஐதரோக்காபன் எதுவும் இல்லை என்றது. மக்கள் எதை நம்புவது என்று தெரியாமல் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றார்கள். 2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் உத்தரவோடு அந்தத் தனியார் நிலையத்தின் இயந்திரங்கள் ஓய்ந்தன. தென்னிலங்கைச் சூழலியலாளரான ரவீந்திர காரியவசம் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டின்படி அந்நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என்றும், கண்காணித்திருக்க வேண்டிய அரச நிறுவனங்கள் தம் கடமையில் தவறின என்றும் நீதிமன்றம் கூறியது. சுற்றாடல் வழக்குகளின் வரலாற்றில் அது முக்கியமான தீர்ப்பு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2 கோடியை 500 பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு 40,000 ரூபா. ஒரு கிணற்றை ஒருமுறை இறைத்துச் சுத்தம் செய்து, சேற்றை வாரி அப்புறப்படுத்தவே அது போதுமா என்பது ஐயம். தலைமுறைக்கும் நீர் தரும் கிணற்றுக்கு அதுதான் விலை.

இங்கே ஒரு குற்ற ஒப்புதலையும் செய்துவிடுகிறேன். 2015இன் தொடக்கத்தில் நான் ஏழாலைப் பக்கம் ஒரு வளவுக்குப் போயிருந்தேன். எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா கிணற்றடியில் நின்று வாளியைக் காட்டினார். நீரின் மேலே மயில் கழுத்துப் போல நிறம் நிறமாக ஒரு படலம். "தம்பி, மோந்து பாருங்கோ. உந்தத் தண்ணியை மாட்டுக்கு வைச்சாலும் குடிக்குதில்லை," என்றார். பிறகு, எழுத்தாளன் எவனும் எதிர்பார்க்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: "உந்த ஓயில் எங்கையிருந்து தம்பி வருது?"

"பவர் ஹவுசிலையிருந்து, அம்மா," என்றேன்.

"அது தெரியும். பவர் ஹவுசுக்கு எங்கையிருந்து வருது?"

நான் ஏதோ மழுப்பிவிட்டு வந்தேன். அன்று எழுதிய செய்தியில் நிறுவனம் இருந்தது, மின்சார சபை இருந்தது, நீதிமன்றம் இருந்தது, கட்சிகளின் அறிக்கைகள் இருந்தன. அந்த அம்மாவின் கேள்வி மட்டும் இல்லை. இடம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல; பதில் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தேடிப் படிக்கும் பொறுமையும் அன்று இருக்கவில்லை. நாங்கள், தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள், அரசியல்வாதி தும்மினால் நான்கு பத்தி எழுதுவோம். ஓர் எண்ணெய்ப் பீப்பாய் எங்கே பிறந்து எப்படி வந்தது என்று கேட்டால் அது பொறியியலாளர் சமாச்சாரம் என்று கையைக் கழுவுவோம். கை கழுவவும் தண்ணீர் வேண்டும் என்பதை மறந்துபோய்.

அந்தக் கேள்விக்கான பதிலை இப்போது சொல்கிறேன்.

நிலத்திலிருந்து எடுக்கப்படும் மசகு எண்ணெயை, தமிழ்நாட்டு வாசகர்கள் கச்சா எண்ணெய் என்பதை, சுத்திகரிப்பு நிலையத்தில் பகுதிபடக் காய்ச்சி வடிக்கிறார்கள். மேலே வாயு, அதற்குக் கீழே பெற்றோலுக்கான நப்தா, பிறகு மண்ணெண்ணெய், பிறகு டீசல் என்று கொதிநிலையின் வரிசையில் பிரிந்து வரும். காய்ச்சியும் எழும்பாத பகுதி அடியில் தங்கும். கறுத்து, தடித்து, கந்தகமும் உலோகங்களும் செறிந்து நிற்கும் அந்தப் பகுதியை எங்கள் ஊர் மொழியில் சொன்னால் அடிமண்டி. மத்திய கிழக்கின் மசகு எண்ணெயை வெறுமனே காய்ச்சி வடித்தால் ஏறத்தாழ பத்தில் நான்கு பங்கு இப்படி அடியில் நின்றுவிடும்.

அந்த அடிமண்டியை என்ன செய்வது? உலகம் இதற்கு இரண்டு வழிகளைக் கண்டது. ஒன்று, கொஞ்சம் டீசலைக் கலந்து இளக்கி, உலை எண்ணெய் என்று பெயரிட்டு, கப்பலுக்கும் மின் நிலையத்துக்கும் விற்றுவிடுவது. மற்றது, அதன் பெரிய மூலக்கூறுகளை உடைத்துச் சிறிய மூலக்கூறுகளாக்குவது. அதாவது, கறுப்பு எண்ணெயிலிருந்து மேலும் பெற்றோலும் டீசலும் எடுப்பது.

இந்த உடைப்பை வெப்பத்தால் மட்டும் செய்யலாம். ஊக்கியைக் கொண்டு, தமிழ்நாட்டார் வினையூக்கி என்பதைக் கொண்டு, செய்தால் அதிகமான, தரமான பெற்றோல் கிடைக்கும். இதைச் சாத்தியமாக்கியவர் இயூஜின் ஊட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர். முதலாம் உலகப் போரில் தாங்கிப் படையில் இருந்தவர்; மோட்டார்ப் பந்தயத்தில் பித்துக் கொண்டவர். அவர் ஏன் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார் என்பதைக் கவனியுங்கள். பிரான்சில் எண்ணெய் வளம் இல்லை. இருப்பதைக் கொண்டு கூடுதலாக எடுக்கவேண்டும் என்ற தேவை. எண்ணெய் இல்லாத நாட்டில் பிறந்த சிந்தனை அது. களிமண் இனத்து ஊக்கியைக் கொண்ட அவருடைய முறை 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தொழிற்சாலை அளவில் ஓடத் தொடங்கியது. 1942 மே மாதத்தில் லூசியானாவின் பற்றன் ரூஜ் நகரில், ஊக்கியை மாவாக அரைத்துத் திரவம் போல ஓடவிடும் முதலாவது ஆலை இயங்கியது. இன்று உலகெங்கும் உள்ளவை அதன் பேரப்பிள்ளைகள்.

அதன் வேலை எளிய கணக்குத்தான். மா போன்ற நுண்ணிய சியோலைட்டு ஊக்கியும் சூடான பார எண்ணெயும் ஏறத்தாழ 500 பாகை செல்சியசுக்கு மேல் ஒரு குழாயில் சில விநாடிகள் சேர்ந்து மேலெழும். மூலக்கூறுகள் உடையும். உடையும்போது ஊக்கியின் மேல் கரி படியும். அந்தக் கரியை வேறொரு கலத்தில் 700 பாகையளவில் காற்றுவிட்டு எரிப்பார்கள். ஊக்கி புதுப்பிக்கப்படும், எரிந்த சூடு அடுத்த சுற்று உடைப்புக்குப் பயன்படும். தன் அழுக்கை எரித்தே தன் அடுப்பை மூட்டிக்கொள்ளும் ஏற்பாடு. ஆக அடியில் கிடக்கும் மிகக் கடுமையான மண்டியை இது நேரடியாக ஏற்காது. அதிலுள்ள நிக்கலும் வனேடியமும் ஊக்கியைக் கெடுக்கும். அதற்கு வேறு அலகுகள் உண்டு. முக்கியமானது இதுதான்: மண்டியை இன்னொருவர் தலையில் கொட்டாமல், ஆலையின் மதிலுக்குள்ளேயே இயன்றவரை தீர்த்துக்கொள்ளும் தொழில்நுட்பம் 80 ஆண்டுகளுக்கு மேலாக உலகில் இருக்கிறது.

இலங்கையில் அது இல்லை. 1969இல் திறக்கப்பட்ட சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகு எண்ணெயைக் காய்ச்சி வடிப்பதற்கென அமைந்தது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 38,000 பீப்பாய், பின்னர் 50,000 பீப்பாய். ஊக்கி உடைப்பு அலகு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அதே 1969இல் பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னை மணலியில் மற்றொரு சுத்திகரிப்பு நிலையம் உற்பத்தியைத் தொடங்கியது. அதிலும் ஈரானின் பங்கு இருந்தது. ஆண்டுக்கு 25 இலட்சம் தொன் என்ற அதன் தொடக்க அளவு ஏறத்தாழ நாளொன்றுக்கு 50,000 பீப்பாய். அதாவது இன்றைய சப்புகஸ்கந்தவின் பருமன். அதே வயது, ஏறத்தாழ அதே உருவம். மணலி பின்னர் வளர்ந்து ஒரு கோடித் தொன்னைத் தாண்டியது. ஊக்கி உடைப்பு அலகும், ஐதரசன் கொண்டு உடைக்கும் அலகும், மண்டியைக் கரியாக்கிப் பிழிந்தெடுக்கும் அலகும் சேர்ந்தன. சப்புகஸ்கந்த பிறந்த கோலத்திலேயே முதுமை எய்தியது. சிறிய நாடு, கட்டுபடியாகாது என்பவர்கள் இந்த இரட்டைப் பிள்ளைகளின் சாதகத்தை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்லமுடியாது. 2008 ஏப்ரலில் ஈரானிய சனாதிபதி அகமதிநெஜாத் இலங்கைக்கு வந்தார். நாளொன்றுக்கு 100,000 பீப்பாயாக விரிவாக்கி, பார எண்ணெயை மாற்றும் அலகுகளையும் சேர்க்கும் திட்டம் அக்காலத்தில் மேடைகளில் முழங்கியது. பின்னர் ஈரான் மீதான தடைகள் இறுகின. திட்டம் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

உடைக்க ஆலையில்லாத நாடு அடிமண்டியை எரித்தே தீர்க்கவேண்டும். எங்கே எரிப்பது? 1984இல் சுத்திகரிப்பு நிலையத்தின் பக்கத்திலேயே மின்சார சபை பார எண்ணெய் மின் நிலையத்தைத் திறந்தது. 1996இன் வரட்சியும் மின்வெட்டும் வந்தபின் தனியார் பார எண்ணெய் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. பிறகு இது ஒரு பழக்கமாகிவிட்டது. மின்சாரம் போதவில்லையா, பார எண்ணெய் இயந்திரம் கொண்டுவா. மலிவு, விரைவு, ஒப்பந்தமும் எளிது. சுத்திகரிப்பு நிலையத்தின் குறைபாடு மின்துறையின் கொள்கையாகிவிட்டது. சுன்னாகத்தில் எரிந்த எண்ணெயில் எத்தனை லீற்றர் சப்புகஸ்கந்தவில் வடிந்தது, எத்தனை லீற்றர் கப்பலில் வந்தது என்பதல்ல என் வாதம். நாட்டையே அடிமண்டியில் ஓடப் பழக்கிய தீர்மானம் எங்கே எடுக்கப்பட்டது என்பதே என் வாதம். அது சுன்னாகத்தில் எடுக்கப்பட்டதல்ல.

ஆனால் சுன்னாகத்துக்கு அது வந்து சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1990க்குப் பிறகு குடாநாட்டுக்கு லக்சபானா மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையின் காலம். அந்த ஆண்டுகளில் நானும் என் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவன். காபுரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்துக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் விட்டால், இயந்திரம் இருமியிருமி ஓடும். பின்னால் வெள்ளைப் புகை. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மூலக்கூறு அளவில் என்ன வேறுபாடு என்பதைப் பாடப் புத்தகத்தில் படிக்காமல் முழங்காலால் படித்த சனம் நாங்கள். இரவில் ஜாம் போத்தல் விளக்கில் செய்தி எழுதினோம். 2006 ஆகஸ்ட்டில் ஏ9 பாதை மறுபடி மூடப்பட்டபோது எரிபொருள் கடல்வழியே மட்டும் வந்தது. இப்படி இருட்டிலிருந்த சனத்திடம் போய், எந்த எண்ணெயில் வெளிச்சம் வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கும் நிலையில் இல்லை. மின்குமிழ் எரிந்தபோது மகிழ்ந்தோம். நானும் மகிழ்ந்தேன்.

தேசிய மின் வலையமைப்போடு இணைந்திருந்த ஊர்களுக்கு மலையின் நீரும் பங்கு வந்தது. துண்டிக்கப்பட்ட ஊருக்கு அடிமண்டி மட்டுமே வந்தது. அதுவும் எப்படிப்பட்ட மண்ணுக்கு? குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைக்கு ஓடும் வழுக்கையாறு ஒன்றே. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். அதில் வெடிப்பும் குகையும் ஓட்டையும். மேலே ஊற்றியது வடிகட்டப்படாமல் கீழே போய்விடும். கீழே போனது எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போகும் என்று வரைபடம் பார்த்துச் சொல்லமுடியாது. நிலாவரைக் கிணற்றுக்கு அடியில்லை என்று சிறுவயதில் கதை சொன்னவர்கள் நிலத்தின் இந்தக் குணத்தைத்தான் சொன்னார்கள். இலங்கையிலேயே நிலத்தடி நீரை மட்டும் நம்பி வாழும் மண்ணில், இலங்கையிலேயே அழுக்கான எரிபொருளைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

இனி, எனக்கு வரக்கூடிய எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

முதலாவது: "எண்ணெய் சிந்தியது கவனக்குறைவு. டீசல் நிலையமாக இருந்தாலும் சிந்தியிருக்கும். சுத்திகரிப்பு நிலையத்தை ஏன் இழுக்கிறீர்கள்?" பொறுப்பில்லாமல் நடந்தவரின் குற்றத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் பார எண்ணெய் டீசலைப் போன்றதல்ல. அதைச் சூடாக்கி இளக்கவேண்டும். தேங்கவிட்டு, சுழற்றிப் பிரித்து, நீரையும் கசட்டையும் அகற்றிய பின்னரே இயந்திரத்துக்கு அனுப்பலாம். ஆகவே கசடு என்பது அங்கே விபத்தல்ல, நாளாந்த விளைபொருள். ஓர் உத்தேசக் கணக்குப் போடுவோம். ஒரு யூனிற் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 200 கிராம் எண்ணெய் வேண்டும். 30 மெகாவாட் நிலையம் முழு வலுவில் 24 மணிநேரம் ஓடினால் 7,20,000 யூனிற். அதற்கு 144 தொன் எண்ணெய். நூற்றுக்கு ஒரு பங்கு கசடு என்று வைத்தாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன். ஆண்டுக்கு 500 தொன். உரிமம் கொடுத்தவர்களும், மின்சாரத்தை வாங்கியவர்களும், கண்காணிக்கச் சம்பளம் பெற்றவர்களும் இந்தக் கணக்கை முதல் நாளிலேயே போட்டிருக்கவேண்டாமா? அந்த 500 தொன் எங்கே போகும் என்று ஒரு கடிதமாவது எழுதியிருக்கவேண்டாமா?

இரண்டாவது: "உடைப்பு ஆலை வந்தால் அதுவும் மாசுதானே?" ஆம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து, மீனவர்களின் வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியதை உலகம் பார்த்தது. உயர்ந்த தொழில்நுட்பம் நேர்மையான கண்காணிப்புக்கு மாற்றாகாது. ஆனால் ஒரு பெரிய ஆலையை ஓரிடத்தில் வைத்துக் கண்காணிப்பது எளிதா, அதன் மண்டியை ஊர் ஊராகச் சிறு நிலையங்களுக்குப் பங்கிட்டுவிட்டுக் கண்காணிப்பது எளிதா?

மூன்றாவது: "பார எண்ணெய் மலிவு. ஏழை நாட்டுக்கு வேறென்ன வழி?" இதுதான் எனக்கு மிகவும் கோபமூட்டும் வாதம். மலிவு என்பது விலைச்சீட்டில் எழுதாத பகுதியை இன்னொருவன் கட்டுகிறான் என்பதன் மறுபெயர். ஆலைக்குள் மூலதனமாகச் செலவிடாத பணத்தை ஏழாலையிலும் மல்லாகத்திலும் கந்தரோடையிலும் சனம் கட்டியது. போத்தல் தண்ணீருக்குக் கட்டியது. பயிர் வாடியதில் கட்டியது. வயிற்றில் பயத்தோடு பிள்ளைக்குப் பால்மா கரைத்ததில் கட்டியது. நாட்டின் கணக்கிலும் அது மலிவல்ல. 2021 நவம்பரில் மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் சப்புகஸ்கந்த மூடப்பட்டது. 2022இல் பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அரிதாகக் கிடைத்த டொலரைக் கொடுத்து வாங்கிய ஒவ்வொரு பீப்பாயிலும் பெரும் பகுதியை, எவரும் வரிசையில் நின்று கேட்காத கறுப்பு எண்ணெயாக வடித்தோம். இதையா சிக்கனம் என்கிறீர்கள்? 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச அளவு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டபின் கடலும் அந்த மண்டியை முன்போல ஏற்பதில்லை. மழை நன்றாகப் பெய்து நீர்மின்சாரம் பெருகினால் தரையிலும் வாங்க ஆளில்லை.

நான்காவது, என் சொந்தச் சனத்திடமிருந்து வருவது: "இது திட்டமிட்டு எங்கள் நீரை நஞ்சாக்கியது, வேறு விளக்கம் தேவையில்லை." போரும் தடையும் எங்களை இந்த நிலைக்குத் தள்ளின என்பதை மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் சதி என்று சொல்லி முடித்துக்கொண்டால் ஒரு வசதி உண்டு: எதையும் படிக்கத் தேவையில்லை. எங்கள் சார்பில் வழக்குத் தொடுத்தவர் தென்னிலங்கையர் என்பதையும், எங்கள் மாகாண சபையின் நிபுணர் குழுவே ஆபத்தில்லை என்று சொன்னதையும் இந்த வசதி மறைத்துவிடும். உணர்ச்சியால் ஊர்வலம் போகலாம். கசட்டுக் கணக்கைக் கேட்க அறிவு வேண்டும்.

எண்ணெயின் காலமே முடிகிறது, இனி உடைப்பு ஆலை எதற்கு என்று கேட்பவர்களும் இருப்பார்கள். உடைப்பு ஆலை கட்டுங்கள் என்று நான் கையொப்பம் திரட்டவில்லை. காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் வருமானால் முதல் விளக்கை நானே ஏற்றுவேன். ஆனால் அரசு வேறு திசையிலும் நடக்கிறது. அம்பாந்தோட்டையில் சீனாவின் சினோபெக் நிறுவனம் 370 கோடி டொலர் செலவில் நாளொன்றுக்கு 200,000 பீப்பாய் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதற்கு 2025 ஜனவரியில் உடன்பாடு செய்யப்பட்டது. அது சப்புகஸ்கந்தவைப்போல நான்கு மடங்கு. முதலீட்டின் தொகையை எல்லாப் பத்திரிகைகளும் தலைப்பில் போட்டன. பீப்பாயின் அடியில் என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்ட தலைப்பை நான் காணவில்லை.

எனவே மூன்று விடயங்களைக் கேட்கிறேன். ஒன்று, சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்ச் சோதனை முடிவுகளை ஒவ்வோர் ஆண்டும் கிணறு கிணறாக, மூன்று மொழிகளிலும் வெளியிடவேண்டும். எண்ணெயும் கிறீசும் என்ற பொதுக் கணக்கோடு நிற்காமல், எந்த ஐதரோக்காபன் என்பதையும் பிரித்துச் சொல்லவேண்டும். இரண்டு, நாட்டிலுள்ள ஒவ்வொரு பார எண்ணெய் மின் நிலையமும், உத்துரு ஜனனி உட்பட, மாதந்தோறும் எவ்வளவு எண்ணெய் வாங்கியது, எவ்வளவு கசடு வந்தது, அதை யார் எங்கே கொண்டுபோனார் என்ற பதிவேட்டைப் பொதுமக்கள் பார்க்கக்கூடியதாக வைக்கவேண்டும். மூன்று, அம்பாந்தோட்டை உடன்பாட்டில் அடி எண்ணெயை என்ன செய்வது என்பது பற்றிய விதிகளைப் பாராளுமன்றத்தில் வைக்கவேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. முதல் விண்ணப்பத்தை நானே எழுதத் தொடங்கியிருக்கிறேன். புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கும் எங்கள் பிள்ளைகளில் இரசாயனப் பொறியியல் படித்தவர்கள் எத்தனையோ பேர். கோயில் கோபுரத்துக்குக் காசு அனுப்புவது நல்லதுதான். ஒரு கிணற்றின் சோதனை அறிக்கையை வாசித்து, அதன் பொருளைத் தமிழில் நாலு வரி எழுதி அனுப்பினால் அதுவும் ஊருக்குச் செய்யும் உபகாரமே.

ஊட்ரியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? ஊக்கியால் எண்ணெயை உடைத்து உலகுக்குப் பெற்றோலைப் பெருக்கித் தந்த அதே மனிதர், 1950களில் நகரங்களைப் புகை மூடுவதைக் கண்டு கவலைப்பட்டு, வாகனப் புகையைச் சுத்தம் செய்யும் ஊக்கிக் கருவியை உருவாக்குவதில் இறங்கினார். தான் செய்ததன் வால் எங்கே போகிறது என்று திரும்பிப் பார்த்தவர்.

அண்மையில் மறுபடி அந்த ஏழாலை வளவுக்குப் போனேன். அந்த அம்மா இப்போது இல்லை. மகன் நின்றார். கிணற்றில் இறைக்கிறார்கள், தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள், குளிக்கிறார்கள். குடிப்பதற்கு மட்டும் வாங்கிய தண்ணீர். "இப்ப ஒண்டும் மிதக்கேல்லை, ஐயா. எண்டாலும் குடிக்க மனம் வருகுதில்லை," என்றார். சோதனை முடிவு ஏதாவது வந்ததா என்று கேட்டேன். வந்து மாதிரி எடுத்துப் போனார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

ரொறொன்ரோ நண்பருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஐசே, கதை முடியவில்லை. அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் வரவேண்டியிருக்கிறது.